குட்டைக் குழல் ரைஃபிள்: பதிவு செய்யும் முன் போட வேண்டிய கணக்கு

"அண்ணா, இருநூறு டாலர் வரியைத் தூக்கிட்டாங்களாமே, நானும் ஒண்ணு போட்டுடவா?"

டல்லாஸ் பக்கம் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வரும் நம்ம ஊர்ப் பையன்கள் இப்போது அடிக்கடி கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இப்போ வெச்சிருக்கிற 16 அங்குலக் குழல் உனக்கு எங்கே இடிக்குது?" பாதிப் பேரிடம் பதில் இருக்காது. அவர்களுக்கு எஸ்.பி.ஆர். (ஷார்ட் பேரல்ட் ரைஃபிள், அதாவது குட்டைக் குழல் ரைஃபிள்) தேவையில்லை, ஆசைதான் இருக்கிறது. ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் இது வாங்கி அலமாரியில் வைத்து மறந்துவிடும் பொருள் இல்லை. அமெரிக்க அரசின் பதிவேட்டில் உங்கள் பெயரோடு உட்காரும் பொருள். வீடு மாறினாலும், பயணம் போனாலும், நீங்கள் காலமானாலும் அதற்கென்று ஒரு படிவம் உண்டு.

ஊரில் வங்கி வாசல் காவலாளி தோளில் தொங்கும் இரட்டைக் குழலைத் தவிர வேறு துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்க்காமல் வளர்ந்தவன் நான். டெக்சஸ் வந்து, குடியுரிமை வாங்கி, சில வருடம் சாதாரண ரைஃபிளில் சுட்ட பிறகுதான் இந்தப் பக்கம் வந்தேன். முடிவெடுக்கும் வரிசையை நான் தடுமாறிக் கற்றபடியே சொல்கிறேன்.

முதலில், எது குட்டை?

தோளில் வைத்துச் சுடும் ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால், அல்லது ரைஃபிளிலிருந்து செய்த ஆயுதத்தின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தால், அது குட்டைக் குழல் ரைஃபிள். 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வகுத்த பிரிவு இது. ஷாட்கன்னுக்கு எல்லை 18 அங்குலம். ரைஃபிளுக்கும் முதலில் 18 என்றுதான் இருந்தது. 1960-இல் 16 ஆக்கினார்கள்.

இந்தப் பிரிவு வந்த கதை வேடிக்கையானது. சட்டத்தின் முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. கைத்துப்பாக்கியைக் கட்டுப்படுத்தினால் ஆட்கள் ரைஃபிளை அறுத்துக் குட்டையாக்கிச் சட்டைக்குள் ஒளிப்பார்களே, அந்த ஓட்டையை அடைக்கக் குட்டைக் குழலையும் சேர்த்தார்கள். பிறகு கைத்துப்பாக்கியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடைப்பு மட்டும் நின்றுவிட்டது. வீட்டை இடித்த பிறகும் நிற்கிற வாசற்படி மாதிரி. இன்று எந்தக் கடையிலும் நாலங்குலக் குழல் உள்ள கைத்துப்பாக்கியைப் பதிவேட்டில் ஏற்றாமல் வாங்கலாம். 15 அங்குல ரைஃபிளைத்தான் பதிய வேண்டும்.

1934-இல் வைத்த 200 டாலர் வரி, அன்றைய மதிப்பில் சாமானியனால் தொட முடியாத தொகை. அதை யாரும் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டம், 2026 ஜனவரி 1 முதல் சப்ரசர் (குழல் முனையில் மாட்டும் சத்தம் குறைப்பான்), குட்டை ரைஃபிள், குட்டை ஷாட்கன் ஆகியவற்றுக்கு அதைப் பூஜ்யமாக்கியது. மெஷின் கன்னுக்கு 200 அப்படியே இருக்கிறது. போனது பணம் மட்டும். விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், ஒப்புதலுக்குக் காத்திருத்தல் எதுவும் போகவில்லை. பதியாமல் வைத்திருந்தால் பத்து ஆண்டு வரை சிறை என்பதும் மாறவில்லை. வரியே இல்லாத பொருளுக்குப் பதிவேடு எதற்கு என்று வழக்குகள் போட்டிருக்கிறார்கள். தீர்ப்பு வரும்போது வரட்டும். அதை நம்பி இன்று குழலை வெட்டாதீர்கள்.

விசா எது, மாநிலம் எது

எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1, பி-2 என்று குடியேறா விசாவில் இருப்பவர்கள் சாதாரணத் துப்பாக்கியையே வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை போடுகிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அந்த விலக்கை நம்பி இந்தப் பதிவேட்டுக்குள் கால் வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கிரீன் கார்டு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்றும் பலருக்குத் தெரியவில்லை. ஊரிலிருந்து பி-2 விசாவில் வந்த அப்பாவை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய், "சும்மா பிடிச்சு ஒரு போட்டோ எடுத்துக்கோங்கப்பா" என்று கையில் கொடுப்பது நாம் நினைக்கிற அளவு சின்ன விஷயமில்லை.

அடுத்தது மாநிலம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி மூன்றிலும் சாமானியருக்கு எஸ்.பி.ஆர். கிடையாது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலோ நியூ ஜெர்சியின் எடிசனிலோ இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். டெக்சஸில் வேறு மாதிரிப் பொறி இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் மாநிலத்தின் தடைப் பட்டியலிலிருந்து குட்டைக் குழல் துப்பாக்கியை நீக்கினார்கள். உடனே "டெக்சஸ்ல ஃப்ரீ ஆயிடுச்சு" என்று வாட்ஸாப்பில் சுற்றியது. மாநிலம் கையை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். வாஷிங்டனில் இருக்கும் கூட்டாட்சி அரசு எடுக்கவில்லை. ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கவனிக்கும் கூட்டாட்சித் துறை) ஒப்புதல் இல்லாத குட்டைக் குழல் டெக்சஸிலும் கூட்டாட்சிக் குற்றம்தான்.

துடைப்பக் கட்டைப் பரீட்சை

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு துடைப்பக் கட்டைகள் எடுத்து ஒன்றை 33 அங்குலத்துக்கும் மற்றதை 27 அரை அங்குலத்துக்கும் அறுங்கள். 16 அங்குலக் குழல் உள்ள ஏஆர்-15 (அமெரிக்காவில் பரவலான ரைஃபிள் வகை), ஸ்டாக்கை, அதாவது தோளில் பதியும் பின்கட்டையை, முழுதும் உள்ளே தள்ளிய நிலையில், ஏறக்குறைய முதல் கட்டையின் நீளம். 10.5 அங்குலக் குழல் உள்ளது இரண்டாவது. இரண்டையும் தோளில் வைத்தபடி படுக்கையறையிலிருந்து கூடம் வரை நடங்கள். கதவைத் திறங்கள், மாடிப்படி திருப்பத்தில் திரும்புங்கள், கார் பின்சீட்டில் வைத்து எடுங்கள்.

நான் செய்து பார்த்தபோது எனக்கே ஏமாற்றம். ஐந்தரை அங்குலத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை. பிறகு இரண்டு கட்டைகளின் முனையிலும் ஏழு அங்குலக் காகிதக் குழாயைச் செருகினேன். அது சப்ரசருக்கு. இப்போது நீளமானது 40 அங்குலம். கதவு நிலையில் இடித்தது, சுவரில் கோடு போட்டது. குட்டையானது 34 அரை. முன்பு வெறும் ரைஃபிள் எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. எனக்கு விடை அங்கேதான் கிடைத்தது: சப்ரசர் மாட்டப் போகிறவனுக்குத்தான் குட்டைக் குழல் அர்த்தமாகிறது. சப்ரசர் இல்லாமல் குட்டைக் குழல் மட்டும் வாங்குவது பெரும்பாலும் கிடைத்ததைவிட இழந்ததை அதிகமாக்கும்.

என்ன இழப்பீர்கள்

தோட்டாவின் வேகம் குழலுக்குள்தான் பிறக்கிறது. ஏஆர்-15 சுடும் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவில் குழல் ஓர் அங்குலம் குறைந்தால் வினாடிக்குச் சுமார் 25 முதல் 50 அடி வேகம் போகும். பழைய எம்16-இன் 20 அங்குலக் குழலில் 55 கிரெய்ன் (சுமார் மூன்றரை கிராம்) குண்டு வினாடிக்கு 3,200 அடிக்கு மேல் போனது. ராணுவ எம்4-இன் 14.5 அங்குலத்தில் 3,000 பக்கம். கடற்படைச் சிறப்புப் படையினர் வைத்திருந்த எம்கே18-இன் 10.3 அங்குலத்தில் 2,700 பக்கம். அந்தச் சிறிய குண்டு தன் வேலையைச் செய்வது எடையால் அல்ல, வேகத்தால். வேகம் 2,700-க்குக் கீழே இறங்கினால் அந்த வகைக் குண்டு உடைந்து சிதறும் என்ற நம்பிக்கையும் இறங்கிவிடும். அதாவது 10.3 அங்குலக் குழலில் குண்டு குழல் வாயிலேயே அந்த எல்லையில் நிற்கிறது.

எரியாமல் மிச்சமான வெடிமருந்து குழலுக்கு வெளியே எரியும். அதுதான் சத்தமும் தீப்பிழம்பும். முதன்முதலாக நண்பர் ஒருவரின் 10.5 அங்குல ரைஃபிளை மூடிய ரேஞ்சில் சுட்டபோது, நாலாவது தோட்டாவில் பக்கத்துத் தடத்துக்காரர் தன் பையை மூட்டை கட்ட ஆரம்பித்தார். முகத்தில் சூடான காற்று ஓங்கி அறைந்த மாதிரி இருக்கும். காதுக்குள் பஞ்சு, மேலே மஃப் இரண்டும் போட்டும் பல்லில் அதிர்வு தெரிந்தது. 140 டெசிபலைத் தாண்டிய ஒற்றை வெடிச் சத்தமே காதை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. சாதாரண ரைஃபிளே 160-ஐத் தாண்டும். இரவில், மூடிய அறைக்குள், காதுறை இல்லாமல் குட்டைக் குழல் வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். "வீட்டுக் காவலுக்கு எஸ்.பி.ஆர்." என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது சப்ரசர் உண்டா என்றுதான்.

மூன்றாவது, எந்திரத்தின் முரண்டு. ஏஆர் வகையில் குழலில் ஒரு சின்னத் துளை வழியாக வாயு திரும்பி வந்துதான் அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. குண்டு அந்தத் துளையைக் கடந்து குழல் வாயை விட்டு வெளியேறும் வரைதான் அழுத்தம் இருக்கும். குழல் குட்டையானால் அந்த நேரமும் குட்டை. அதை ஈடுகட்டத் துளையைப் பெரிதாக்குகிறார்கள். அடி பலமாகி, பாகங்கள் சீக்கிரம் தேய்கின்றன. தெரிந்தவர்கள் 10.3-ஐ விட்டுவிட்டு 11.5, 12.5 என்று போவது இதனால்தான். அந்த ஓர் அங்குலத்தில் ரைஃபிளின் குணமே சாதுவாகிவிடும். 5.56-தான் வேண்டும் என்றால் என் ஓட்டு 11.5-க்கு.

தோட்டாவையே மாற்றினால் கணக்கு மாறும். .300 பிளாக்அவுட் என்ற தோட்டா குட்டைக் குழலுக்கும் சப்ரசருக்கும் என்றே பிறந்தது. ஒன்பது அங்குலக் குழலில் அதன் மருந்து வேலையை முடித்துவிடுகிறது. ஒலி வேகத்துக்குக் கீழே போகும் கனத்த குண்டும் உண்டு. சப்ரசரோடு அதைச் சுட்டால் உள்ளே போல்ட் (தோட்டாவை அறையில் பூட்டும் பாகம்) முன்னும் பின்னும் அடிக்கும் ஓசைதான் பெரிதாகக் கேட்கும். பன்றி வேட்டைக்குப் போகும் டெக்சஸ்காரர்கள் அதை விடாததற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: அது 5.56-இன் அதே மேகசினில் (தோட்டாப் பெட்டியில்) அழகாக உட்காரும். தவறி 5.56 ரைஃபிளுக்குள் போய், சுட்டால், ரைஃபிள் கையிலேயே வெடிக்கும். வீட்டில் இரண்டும் இருந்தால் மேகசின்களை நிறத்தால் பிரித்து வையுங்கள். நான் .300-க்கு மணல் நிறம், 5.56-க்குக் கறுப்பு. இரண்டையும் ஒரே பையில் ரேஞ்சுக்குக் கொண்டுபோவதே இல்லை.

பதிவு இல்லாத மாற்று வழிகள்

கையெழுத்துப் போடும் முன் இந்த மூன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

14.5 அங்குலக் குழலின் முனையில் ஃப்ளாஷ் ஹைடரை (தீப்பிழம்பைக் குறைக்கும் முனைப்பாகத்தை) நிரந்தரமாகப் பற்றவைத்து 16 ஆக்கலாம். ஊசியடித்து அதன் தலைமேல் வெல்டிங் வைப்பது வழக்கமான முறை. மூடிய போல்ட் முகத்திலிருந்து பற்றவைத்த முனை வரைதான் அளவு. அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் எஸ்.பி.ஆர்.தான்; அதனால் தெரிந்த கைவினைஞரிடமே கொடுங்கள். எனக்குப் பிடித்த வழி இது. குறை, பிறகு முனையை மாற்ற நினைத்தால் மாற்ற முடியாது.

புல்பப் வகை இரண்டாவது. மேகசின் விசைக்குப் பின்னால் போய்விடுவதால் முழு நீளக் குழலும் குட்டை உடலுக்குள் அடங்கும். டேவர் எக்ஸ்95 என்ற ரைஃபிளில் 16.5 அங்குலக் குழல், மொத்தமே 26 அங்குலத்துக்குச் சற்று மேல். வேகமும் போகாது, படிவமும் கிடையாது. விசையின் இழுவை சேற்றில் காலை எடுப்பது போல இருக்கும், பழகிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஸ்டாக்குக்குப் பதில் பிரேஸ் (முன்கையில் பிடித்துக்கொள்ளும் தாங்கி) மாட்டிய ஏஆர் பிஸ்டல். சட்டப்படி அது கைத்துப்பாக்கி என்பதால் மாநில எல்லை தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டாம். ஆனால் இதன் ஜாதகம் சரியில்லை. 2023 ஜனவரியில் ஏடிஎஃப் புதிய விதி போட்டு இவற்றில் பெரும்பாலானவற்றை எஸ்.பி.ஆர். என்றது, மே 31-க்குள் வரியில்லாமல் பதியச் சொன்னது. 2024 ஜூனில் டெக்சஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்தது. ஒன்றரை வருடத்தில் ஒரே பொருள் இரண்டு முறை பெயர் மாறியது. கூடவே, 26 அங்குலத்துக்குக் குறைந்த பிஸ்டலில் செங்குத்துக் கைப்பிடி மாட்டினால் அது வேறொரு பதிவுப் பிரிவுக்குள் போய்விடும். பத்து டாலர் கைப்பிடி பெரிய வம்பை இழுத்துவரும்.

போடுவது என்று முடிவானால்

இரண்டு வாசல்கள். தொழிற்சாலையிலிருந்தே குட்டையாக வருவதைக் கடை மூலம் வாங்கினால் படிவம் 4. உங்களிடம் இருக்கும் ரைஃபிளையே குட்டையாக்கினால் படிவம் 1. இரண்டையும் இணையத்திலேயே போடலாம். படிவம் 4-இல் ஒப்புதல் வரும்வரை ரைஃபிள் கடையிலேயே இருக்கும். கையரிப்புக்கு அதுவே மருந்து. படிவம் 1-இல் ரைஃபிள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, அங்கேதான் ஆபத்து. ஒப்புதல் வரும் முன் குட்டைக் குழல் அப்பரை (குழலோடு கூடிய மேல்பாதியை) வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். அதைச் சட்டப்படி மாட்டக்கூடிய பிஸ்டல் லோயர் (விசை இருக்கும் கீழ்ப்பாதி) எதுவும் உங்களிடம் இல்லை, ரைஃபிள் லோயர் மட்டும்தான் இருக்கிறது என்றால், மாட்டாமலே மாட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. பாகங்களை வைத்திருப்பது எப்போது குற்றம் என்று 1992-இல் தாம்ப்சன் சென்டர் என்ற துப்பாக்கி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார்கள். உங்கள் அலமாரி அடுத்த வழக்காக வேண்டாம்.

உங்கள் பெயரிலா, ட்ரஸ்ட் (பலர் சேர்ந்து பொறுப்பேற்கும் சட்ட அமைப்பு) பெயரிலா என்பது அடுத்த கேள்வி. தனிப்பெயர் சுலபம்; ஆனால் அந்த ரைஃபிள் உங்கள் கையில் அல்லது கட்டுப்பாட்டில் மட்டுமே இருக்கலாம். பெட்டகத்தின் எண் மனைவிக்கும் தெரியும், நீங்கள் இந்தியா போயிருக்கிறீர்கள் என்றால் சிக்கல் தொடங்குகிறது. ட்ரஸ்டில் இருவரையும் சேர்க்கலாம். 2016 ஜூலையிலிருந்து பொறுப்பாளர் ஒவ்வொருவரும் கைரேகையும் புகைப்படமும் தர வேண்டும். துணைவர் இன்னும் எச்-4-இல் இருந்தால் அவரைச் சேர்க்காதீர்கள், பெட்டக எண்ணையும் சொல்லாதீர்கள். வீட்டில் சண்டை வரும், வரட்டும்.

தமிழர்களுக்கென்றே ஒரு குறிப்பு. படிவம் 1-இல் செய்பவரின் பெயர், ஊர், மாநிலம் மூன்றையும் ரைஃபிளில் பொறிக்க வேண்டும். ஆழம் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் கடைசிப் பெயராகி, நம் பெயர் முதலாகி, ஆங்கிலத்தில் முப்பது எழுத்தைத் தொடும் ஆட்கள் நாம். பொறித்துக் கொடுப்பவர் என் பெயரைப் பார்த்துவிட்டு லோயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்கே இடம் என்று. கடைசியில் மேகசின் துளைக்கு மேல் இரண்டு வரியாக இறக்கினார். ட்ரஸ்ட் ஆரம்பித்தால் அதற்கு நாலைந்து எழுத்தில் பெயர் வைத்துவிடுங்கள். பொறிப்பது அந்தப் பெயர்தான்.

ஒப்புதல் வந்த பிறகு

மாநில எல்லை தாண்டி எஸ்.பி.ஆர். போக வேண்டுமென்றால் முன்கூட்டியே 5320.20 என்ற படிவத்தில் ஏடிஎஃப் அனுமதி வேண்டும். ஓக்லஹோமா எல்லை எங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம். அங்கே பன்றி வேட்டைக்கு ஒரு சனிக்கிழமை திடீரென்று கூப்பிட்டால் போக முடியாது. அடிக்கடி போகும் இடமென்றால் ஒரு வருடக் காலத்துக்கு மொத்தமாகக் கேட்கலாம். சப்ரசருக்கு இந்த அனுமதி வேண்டாம், அதனால் நான் செய்வது இது: லோயரில் 16 அங்குல அப்பரைச் சப்ரசரோடு மாட்டி, குட்டை அப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். அந்த நிலையில் அது சாதாரண ரைஃபிள்தான்.

நிரந்தரமாக இடம் மாறினாலும் இதே படிவம்தான். ஐடி வேலையில் இருப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். டல்லாஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு மாற்றல் வந்தால் ரைஃபிள் கூட வராது. அடுத்த மூன்று நாலு வருடத்தில் எந்த மாநிலத்தில் இருப்போம் என்று தெரியாதவர் படிவம் 4-இல் முழு ரைஃபிளாக வாங்குவதைவிட, படிவம் 1 வழியாகத் தன் சொந்த லோயரைப் பதிவது நல்லது. வேண்டாமென்றால் நீளக் குழலை மாட்டி, குட்டை அப்பரைக் கைமாற்றிவிட்டு, பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி ஏடிஎஃப்-க்கு எழுதிவிடலாம். பிறகு அதைச் சாதாரண ரைஃபிளாக விற்கலாம். என்ன, உங்கள் முப்பது எழுத்துப் பெயர் பொறித்த லோயரை வாங்குபவன் விலையைக் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பான்.

ஒப்புதல் தாளின் நகல் ஒன்றை ரைஃபிள் பையிலும், இன்னொன்றைக் கைப்பேசியிலும் வையுங்கள். மூலத்தைப் பாஸ்போர்ட் இருக்கும் பெட்டியில் வைத்து, அது என்ன தாள் என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிடுங்கள். நமக்குப் பிறகு வாரிசுக்கு வரியில்லாமல் மாற்றப் படிவம் 5 இருக்கிறது. அதைப் போட வேண்டியவருக்கு அந்த உறைக்குள் இருப்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். நான் உறைமேல் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்: "துப்பாக்கிப் பத்திரம். தூக்கிப் போடாதே."